ஒன்பது பெற்ற மாமியாரும் ஒன்றோடு நிற்கும் மருமகளும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டதால், அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 31. பாடசாலை ஆசிரியை. கணவர் நகரத்தில் ஓட்டோ ஓட்டுகிறார். ஆறு வயதில் ஒரே மகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறார். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது.

மாமியார் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர். ஒன்பது பெற்றார், ஐந்து மிஞ்சின. கடைசிப் பிள்ளைக்குப் பிறகு, 1980-களில், லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, கையில் காசும் கொடுத்து அனுப்பினார்களாம். அந்த அம்மா இப்போது ஒரு பேரன் வேண்டும் என்று நாள்தோறும் கேட்கிறார். கோபம் வந்தால், "என் மகனுக்கு வேறு இடத்தில் பார்த்திருக்கலாம்" என்கிறார். கணவரின் நண்பர் ஒருவர் மேடைகளில் பேசுகிறவர். "நம் ஆட்கள் தொகை குறைந்துகொண்டே போகிறது, படித்த பெண்களே பெற மறுத்தால் எப்படி?" என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்கிடையில், தென் கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன தம்பி, அங்கே கிராமத்துப் பாடசாலைகளைப் பிள்ளைகள் இல்லாமல் மூடுகிறார்கள், பெற்றால் அரசாங்கம் பணம் தருகிறது, அப்படியும் யாரும் பெறுவதில்லை என்று சொல்கிறார்.

அவர் கேட்பதை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்: "பத்துப் பிள்ளைக்குச் சோறு போட வசதியுள்ளவர்கள் ஒன்றுகூடப் பெறுவதில்லை. ஒரு பிள்ளைக்கே வழியில்லாத எங்கள் ஆட்கள் ஒன்பது பெற்றார்கள். இது அறியாமை இல்லாமல் வேறென்ன? அதிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது நான்தான் சுயநலக்காரியோ என்று தோன்றுகிறது. இன்னொன்று பெறுவதா, வேண்டாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் 'பெறுங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ பதில் எழுதப் போவதில்லை. அந்த அதிகாரம் வைத்தியருக்கும் இல்லை, மேடைப் பேச்சாளருக்கும் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்காக நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்களில் பாதி பிழையானவை. அவை உங்களையும் வருத்துகின்றன, உங்கள் மாமியாரையும் சிறுமைப்படுத்துகின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

மாமியார் போட்ட கணக்கு

ஒன்பது பெற்றதை அறியாமை என்கிறீர்கள். 1970-களின் தோட்டத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

இறந்த நான்கு பிள்ளைகளில் இரண்டு 1974-இல் போயின என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு தற்செயலானதல்ல. 1973, 1974-இல் உணவுத் தட்டுப்பாடு நாட்டையே உலுக்கியது. பங்கீடு குறைந்தது, விலை ஏறியது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலாவது, கொல்லையில் நாலு மரவள்ளியாவது இருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த குடும்பத்துக்குத் தோட்டச் சம்பளத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. அக்காலத்தில் தோட்டப்புற இறப்பு வீதம் செங்குத்தாக ஏறியது பதிவுகளில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் தாய்க்குப் பெற்றதில் எத்தனை மிஞ்சும் என்று தெரியாது. நான்கைந்து பேராவது வளர்ந்து ஆளாக வேண்டுமென்றால் ஏழெட்டுப் பெற்றாக வேண்டும். பயத்தில் போட்ட கணக்குதான். ஆனால் பிழையான கணக்கு என்று சொல்ல முடியாது.

அடுத்தது உழைப்பு. 1927-இல் இந்தியத் தொழிலாளருக்காக இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என மூன்று தரமாகக் கூலி வைத்தார்கள். பிள்ளைக் கூலி என்று சட்டத்திலேயே ஓர் இடம் இருந்தது என்றால், பிள்ளை உழைப்பது எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மாமியாரின் காலத்தில் சட்டம் மாறிவிட்டது. வாழ்க்கை அவ்வளவு வேகமாக மாறவில்லை. பத்து வயதுப் பெண் தம்பியை இடுப்பில் தூக்கினாள், விறகு பொறுக்கினாள், தண்ணீர் சுமந்தாள். பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவின் கூடைக்குக் கைகொடுத்தான். பிறகு வயோதிகம். ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் இருக்கிறது என்றாலும், மொத்தமாகக் கைக்கு வரும் அந்தத் தொகை ஒரு கல்யாணத்திலோ ஒரு கடனிலோ கரைந்துவிடும். அதற்கு மேல், வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பெயர் போட்டால்தான் லயத்து அறை நிலைக்கும் என்ற பயம். முதுமையில் தலைக்கு மேல் கூரை வேண்டுமென்றால் தோட்டத்தில் நிற்கும் ஒரு பிள்ளை வேண்டும். யார் நிற்பார், யார் கொழும்புக்குப் போவார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

ஜோன் கோல்ட்வெல் என்ற அவுஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர், ஆபிரிக்கக் குடும்பங்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டு 1976-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு குடும்பத்தில் பணமும் உழைப்பும் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போகும்வரை, நிறையப் பெறுவதுதான் புத்திசாலித்தனம். அது திசை மாறி, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கியதும் குறைவாகப் பெறுவது புத்திசாலித்தனமாகிவிடுகிறது. எல்லாச் சமூகத்துக்கும் இது அப்படியே பொருந்தாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970-களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன்பின் ஒரு தலைமுறைக்குள் பிள்ளை மலையில் உழைக்கும் ஆள் என்பதிலிருந்து மாறி, சப்பாத்து, புத்தகம், வேன் கட்டணம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு எனச் செலவு கேட்கும் ஆளாகிவிட்டது. மாமியாரும் நீங்களும் ஒரே அறிவோடுதான் கணக்குப் போட்டீர்கள். எண்கள்தான் வேறு.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்: அந்த ஒன்பதில் எத்தனை அவர் விரும்பிச் சுமந்தவை? அவர் இளம் தாயாக இருந்தபோது யாராவது வீட்டு வாசலுக்கு வந்து, பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி விட வழி இருக்கிறது என்று சொன்னார்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால், லொறி வந்த நாளில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது. கர்ப்பத்தைத் தள்ளிப்போட விரும்பியும் தரமான முறை கைக்கு எட்டாத பெண்கள் இன்றும் ஏழை, நடுத்தர நாடுகளில் 200 மில்லியனுக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

பணம் வந்தால் பிள்ளை குறையுமா?

குறையும் என்றுதான் மேலோட்டமாகத் தெரியும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் சாட், சோமாலியா போன்ற நாடுகளில் இன்றும் 6 அளவில். தென் கொரியாவில் 2023-இல் 0.72. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிற்க 2.1 வேண்டும்.

ஆனால் சவூதி அரேபியாவைப் பாருங்கள். 1980 அளவில், எண்ணெய்ப் பணம் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு பெண் சராசரியாக 7 பெற்றாள். மறுபக்கம் கேரளம்: வருமானத்தில் அன்று இந்திய சராசரிக்கும் கீழே கிடந்த மாநிலம், 1990 அளவிலேயே 2.1-க்குக் கீழே இறங்கிவிட்டது. பங்களாதேஷ் பிறந்த 1971-இல் அங்கே ஏறத்தாழ 7. இன்று 2-ஐச் சற்றே தாண்டிய நிலை. பங்களாதேஷ் பணக்கார நாடாகிவிட்டுக் குறைத்துக்கொள்ளவில்லை. அங்கே பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது.

நம் நாடும் இந்தப் பட்டியலில்தான். 1946-இல் இலங்கையில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 140 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மலேரியா ஒழிப்பும் சுகாதார சேவையும் விரிந்தபோது இறப்பு மளமளவென்று விழுந்தது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 20 ஆக இருந்த மொத்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14-க்கு வந்தது. பிறப்பு உடனே விழவில்லை. 1946-இல் 66 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1981-இல் 148 இலட்சமானது. ஏழை நாடுகளில் 'பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்று வெளியே நின்று பார்ப்பவர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைக்காலத்தைப் பார்த்துத்தான். பிறப்பு கூடியிருக்காது, இறப்பு குறைந்திருக்கும். பிள்ளைகள் இனிச் சாகமாட்டார்கள் என்பதைத் தாய்மார் நம்பிக் கணக்கை மாற்றிக்கொள்ள ஒரு தலைமுறை பிடிக்கும். தோட்டப்புறத்தில் அந்த நம்பிக்கை வரக் கூடுதல் காலம் எடுத்ததற்குக் காரணம், தோட்டப்புறத்தில் பிள்ளைகள் கூடுதல் காலம் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

இன்னொரு காரணத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: கல்யாண வயது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பெண்ணின் சராசரி மண வயது 18 அளவில். 1981-இல் 24-ஐத் தாண்டிவிட்டது. இலவசக் கல்வி வந்த பிறகு படித்த பெண் தாமதமாகக் கல்யாணம் செய்தாள், தாமதமாகப் பெற்றாள், குறைவாகப் பெற்றாள். நீங்கள் உயர்தரம் படித்து ஆசிரியையான அந்த வயதில் உங்கள் மாமியாரின் இடுப்பில் இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கும்.

இதை வைத்து எதிர்த்திசையிலும் அவசர முடிவுக்கு வந்துவிடாதீர்கள். "ஒன்றோடு நிறுத்தினால் வசதி தானாக வரும்" என்ற தொனி உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது. குறைவான பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதல் முட்டையும் கூடுதல் புத்தகமும் கிடைக்கும்; அது உண்மை. ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காத ஊரில், ஒரு பிள்ளை பெற்றவரும் கஷ்டப்படுவார்.

தம்பி பார்க்கும் கொரியா

உங்கள் தம்பி வியப்போடு சொல்லும் அதே கொரியாவில் 1960-இல் ஒரு பெண் சராசரியாக 6 பெற்றாள். அன்றைய அரசாங்கம் அதைக் குறைக்கப் பிரசாரம் செய்தது. 1980-களில் 'இரண்டுகூட அதிகம்' என்கிற அளவுக்குப் போனார்கள். இப்போது பணம் கொடுத்துக் கேட்கிறார்கள், வரவில்லை.

ஏன் வரவில்லை? அங்கே வேலை நேரம் நீண்டது. சியோல் நகரத்து வீட்டு விலை ஒரு சம்பளக்காரரின் கைக்கு எட்டாது. பிள்ளையை நல்ல பல்கலைக்கழகத்துக்குள் தள்ள இரவு பத்து மணிவரை தனியார் வகுப்பு. டியூஷன் என்றால் நமக்கும் தெரியும், ஆனால் அங்கே அது குடும்ப வருமானத்தில் கணிசமான பங்கை விழுங்குகிறது. பிள்ளை பெற்ற பெண் பழைய வேலைக்குத் திரும்புவது கடினம். திரும்பினாலும் வீட்டு வேலை அவள் தலையில்தான். எனவே பல பெண்கள் கல்யாணத்தையே தவிர்க்கிறார்கள். கல்யாணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது அந்தச் சமூகத்தில் மிக அரிது. கல்யாணம் குறைந்ததும் பிறப்பும் கூடவே விழுந்தது. பிள்ளை மீது ஆசை இல்லாதவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். செல்வ நாடுகள் பலவற்றில் பெண்களைக் கேட்டால், தாங்கள் விரும்பும் எண்ணிக்கையாக இரண்டு அளவில் சொல்கிறார்கள். பெறுவது அதைவிடக் குறைவு. உங்கள் மாமியார் விரும்பியதற்கு மேல் பெற்றிருக்கலாம், கொரியப் பெண் விரும்பியதற்குக் கீழே நின்றுவிடுகிறாள். இருவருக்குமே விருப்பம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம்.

அரசாங்கங்கள் பெண்ணின் கருப்பையைத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டு, வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் பார்க்கின்றன. சிங்கப்பூர் 1970-களில் 'இரண்டோடு நிறுத்து' என்றது. 1987-இல் 'முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ' என்றது. இன்றுவரை அங்கே பிறப்பு ஏறவில்லை. ருமேனியாவின் கதை கொடியது. 1966-இல் கருக்கலைப்பை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். மறு ஆண்டு பிறப்பு இரட்டிப்பானது, பிறகு மெல்லப் பழைய பாதைக்கே இறங்கியது. இடையில் கள்ளத்தனமாகக் கருவைக் கலைத்து ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள்.

இலங்கையும் இப்போது அந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது, பணக்கார நாடாகாமலே. 2013 அளவில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள், 2024-இல் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம்தான். 2022-இன் பொருளாதார வீழ்ச்சி, இளம் வயதினர் வெளிநாடு போவது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. உங்களைப் போலக் கேள்வி கேட்கும் பெண்கள் இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்.

இனம் குறைவதற்கு யார் பொறுப்பு?

மேடைப் பேச்சாளருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் குறைவு உண்மை. 1953 கணக்கெடுப்பில் மலையகத் தமிழர், அன்று பதிந்தபடி 'இந்தியத் தமிழர்', நாட்டின் சனத்தொகையில் 12 சதவீதம். 2012-இல் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ஆனால் காரணத்தை அவர் உங்கள் வீட்டு வாசலில் தேடுகிறார். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. எத்தனை குடும்பங்கள் தலைமன்னார் வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறின என்பதை உங்கள் மாமியாரின் வயதுடைய யாரும் சொல்வார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு பலர் வடக்குக்கும் கிழக்குக்கும் போனார்கள். கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களும் நிறையப் பேர். இத்தனையையும் விட்டுவிட்டு, ஆறு வயது மகளோடு நிற்கும் ஓர் ஆசிரியையிடம் வந்து கணக்குக் கேட்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. அடுத்த முறை அவர் வந்தால் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள்.

மாமியாரின் ஆபரேஷன்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. "நம்மைப் பெருகவிடாமல் அறுத்துவிட்டார்கள்" என்று அவர் புலம்புவதை நீங்கள் 'பழைய கதை' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். அப்படித் தள்ளாதீர்கள். 1980-களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் திட்டம் நாடெங்கும் நடந்தது. தோட்டப்புறத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் வீதம் நாட்டின் பிற பகுதிகளைவிட நீண்டகாலம் உயர்ந்தே இருந்தது. மாதக் கடைசியில் அடுப்பு எரியாத வீட்டில் பல நாட் சம்பளத்துக்குச் சமமான தொகையை நீட்டி, தமிழில் விளக்காமல் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். முறை பாதுகாப்பானதுதான், பல பெண்கள் மனம் விரும்பிச் செய்துகொண்டார்கள், இன்றும் செய்துகொள்கிறார்கள். ஆனால் அவருக்குக் கேள்வி கேட்க இடம் இருக்கவில்லை. அவர் உங்களிடம் கேட்கும் பேரனில் அந்த ஆற்றாமையும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. எந்த முறையானாலும் உங்கள் சம்மதம் வேண்டும். நிரந்தரச் சத்திரசிகிச்சை என்றால் எழுத்தில் வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், தமிழில் விளக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்

முதலில் ஊசி. அது கருப்பையைச் சுருக்கிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பிழை. மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதும் சிலருக்கு நின்றே போவதும் வழமை. உள்ளே கெட்ட இரத்தம் தேங்குவதில்லை. ஆனால் ஒரு விஷயம் உங்கள் முடிவுக்கு முக்கியம். இந்த ஊசியை நிறுத்தியவுடன் கரு தங்கிவிடாது. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதம் ஆகலாம். இரண்டு மூன்று ஆண்டுக்குள் இன்னொரு பிள்ளை என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இப்போதே வேறு முறைக்கு மாறுவது நல்லது. கையின் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் ஐந்து ஆண்டு வரை நிற்கும், கருப்பைக்குள் வைக்கும் லூப் பத்து ஆண்டு வரை. இரண்டையும் எடுத்ததும் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பிவிடும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இரத்த அழுத்தம், இரத்தசோகை, மாதவிடாயின் அளவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வயதைப் பற்றிப் பதற வேண்டாம். 31 பிந்திய வயதல்ல. 35-க்குப் பிறகுதான் கருத்தரிப்பு குறையும் வேகம் கூடுகிறது. ஆகவே 'இப்போதே அல்லது ஒருபோதும் இல்லை' என்று யாரும் உங்களை நெருக்க முடியாது. 'நாற்பதில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்களும் தள்ளிவிட முடியாது. மூன்று, நான்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

பேரன் என்பது உங்கள் கையில் இல்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் சண்டை, மகன் சொல்லட்டும். ஆண் பிள்ளைக்காகவே இன்னொன்று பெறுவதாக இருந்தால், பிறப்பது பெண்ணானால் அவளை இந்த வீடு எந்த முகத்தோடு வரவேற்கும் என்று நீங்கள் இருவரும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாவிட்டால் நான் அவசரப்பட மாட்டேன்.

'வேறு இடத்தில் பார்த்திருக்கலாம்' என்ற பேச்சு பற்றி: சட்டம் என் துறை அல்ல, ஆனாலும் இவ்வளவு தெரியும். ஆண் பிள்ளை இல்லை என்பது இந்த நாட்டில் விவாகரத்துக்குக் காரணமாகாது. பதிவுத் திருமணம் நிலைத்திருக்கையில் இன்னொரு திருமணம் செய்வது குற்றம். உங்கள் கடிதத்தில் அடி உதை எதுவும் இல்லை. மாமியாரின் வாய்ப்பேச்சாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். அது ஒருநாள் மிரட்டலாக மாறினால், 1938 என்ற பெண்களுக்கான உதவி எண் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம்.

இன்னொரு பிள்ளை பெற முடிவெடுத்தால் வேலையைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. அரச ஆசிரியைக்கு ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் 84 வேலை நாட்கள் முழுச் சம்பள விடுமுறை உண்டு. அதற்கு மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்திலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். கொழுந்து பறிக்கும் உங்கள் நாத்தனார் மூன்றாவது பிள்ளைக்கு ஆறு வாரம்தான் என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய சட்டம். 2018-இல் திருத்திவிட்டார்கள், எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. அவருக்குச் சொல்லுங்கள்.

சுயநலமா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் ஒளிக்க வேண்டியதும் இல்லை. ஊசியை மாமியாருக்கு மறைத்து வைத்திருப்பது உங்களை வீட்டுக்குள் குற்றவாளியாக்கியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அவர் ஆவலோடு பார்க்கிறார், நீங்கள் தலைகுனிகிறீர்கள். இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். "நாங்கள் இருவரும் சேர்ந்து தள்ளிப்போட்டிருக்கிறோம், அம்மா" என்ற ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் பழி உங்கள் ஒருவர் மீது விழாது. அவர் தயங்குவார், ஓட்டோ ஓட்டி முடித்து வரும் நேரத்தில் அம்மாவிடம் போய் இதைப் பேசு என்றால் எந்த மகனும் தயங்குவான். அதனால் முதலில் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டிச் சொன்னால் இருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். இனிப் பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று என்றாவது முடிவானால், ஆணுக்கான சத்திரசிகிச்சை உங்களுக்கானதைவிட எளிது என்பதையும் அங்கேயே அவர் கேட்டுக்கொள்ளட்டும். மலையகத்து ஆண்கள் இந்தப் பேச்சைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். அவர் எழாமல் இருந்தால் நல்ல தொடக்கம்.

அடுத்த ஊசி மாசி மாதத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே இருவரும் போங்கள். பெறுவது என்று முடிவானால் அந்த ஊசியைப் போடாமல் விட்டு, இரத்தசோகைப் பரிசோதனையைச் செய்து, போலிக் அமில மாத்திரையை அன்றே தொடங்குங்கள்; கரு தங்குவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே அது உடம்பில் இருக்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானால் ஜடெலா, லூப்பா, ஊசியே தொடர்வதா என்று கேட்டு முடிவெடுங்கள். முடிவு வர இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றாலும் சரி, அந்த ஒரு வருடத்துக்கு எந்த முறை என்பதை மட்டும் அன்று பேசிவிட்டு வாருங்கள்.